கடல்மேல் கழற்ற முடியாத பேரிங்

முரளி,

நலமா என்று கேட்டு ஆரம்பிக்கிற மனநிலையில் நான் இல்லை. நீ நலமாகத்தான் இருப்பாய். நேற்று உங்கம்மாவோடு போனில் பேசினாயே, அப்போது நான் பக்கத்தில்தான் உட்கார்ந்திருந்தேன். மண்டபத்துக்கு வேன் எத்தனை மணிக்கு வரும், பெண் வீட்டார் எந்தப் பக்கம் உட்காருவார்கள் என்று எல்லாம் பேசினாய். கடைசியில், போனை வைக்கப் போகிற நேரத்தில், ஏதோ பந்தலுக்குப் பூ சொல்கிற மாதிரி சொன்னாய்: "அம்மா, மாமாவ ஒரு கூலிங் கிளாஸ் வாங்கிப் போட்டுக்கச் சொல்லு. போட்டோவுல ஒரு மாதிரி இருக்கும்." உங்கம்மா "சரிப்பா" என்று மட்டும் சொன்னாள். அடுப்பில் இறால் தீய்ந்துகொண்டிருந்தது. அவள் எழுந்திருக்கவில்லை. நான் போய் அடுப்பை அணைத்துவிட்டு வந்தபோதும் அவள் போனைக் கையில் வைத்துக்கொண்டு அப்படியே உட்கார்ந்திருந்தாள்.

இதைப் போனில் பேச முடியாது. நான் கத்துவேன். "நைனா, மீட்டிங்ல இருக்கேன்" என்று நீ வைத்துவிடுவாய். அதனால் எழுதுகிறேன். கடிதத்தை நடுவில் நிறுத்த முடியாது என்று நினைக்கிறேன். நிறுத்தினாலும் அது உன் மேசைமேல் கிடக்கும்.

ஏழுமலை உனக்குத் தாய்மாமன். உன் கல்யாண மேடையில் உன் நெற்றியில் பட்டம் கட்டப் போகிறவன். அந்த உறவை விட்டுவிடு, அது பிறப்பால் வந்தது. நீ கல்லூரியில் கடைசி வருடம் படித்தபோது, பிராஜெக்ட் என்று சொல்லி அவனுடைய படகு இன்ஜினைப் பிரித்துப் போட்டாயே, அதை நினைத்துப் பார். என் ஷெட்டில் பழைய இன்ஜின் இரண்டு கிடந்தன. நீதான் ஓடுகிற இன்ஜின் வேண்டும் என்றாய். இரண்டு வாரம் அவன் கடலுக்குப் போகவில்லை. அந்தச் சமயம் இறால் நல்ல பாடு. மற்ற படகெல்லாம் கூடை கூடையாக இறக்கிக்கொண்டிருந்தது. இவன் கரையில் உட்கார்ந்து கிழிந்த வலையைத் தைத்துக்கொண்டே உன்னைப் பார்த்துச் சொன்னான்: "நீ பொறுமையா அளந்து எழுதிக்க மருமவனே. மீன் இன்னா, எங்க போயிடப் போவுது?" நீ பூட்டும்போது ஒரு வாஷரை மறந்துவிட்டாய். அதையும் அவனே கண்டுபிடித்து, உன்னிடம் சொல்லாமல் என்னிடம் கொண்டுவந்து கொடுத்து, "மச்சான், பையன் மனசு கஷ்டப்படும், நீயே போட்டுடு" என்றான். இது உனக்கு இன்றுவரை தெரியாது.

பிறகு நீ இன்ஜின் கம்பெனியில் சேர்ந்தாய். படகுக்கான புது ஷாஃப்ட் யூனிட் உங்கள் கம்பெனியிலிருந்து வந்தது. அதில் அடிப்பாகம் நீ வரைந்தது என்று தெரிந்ததும் நம் குப்பத்தில் முதலில் வாங்கியவன் அவன்தான். பழைய யூனிட் ஓடிக்கொண்டிருந்தது, கெட்டுப்போகவில்லை. "எம் மருமவன் போட்ட படம்டா இது" என்று இறங்குதுறையில் ஒவ்வொருவனையும் நிறுத்தி வைத்துக் காட்டினான். அவனைப் பார்த்து இன்னும் ஐந்து பேர் வாங்கினார்கள். ஓட்டம் நன்றாகத்தான் இருந்தது. நடுக்கம் இல்லை, சத்தம் குறைவு. நானே தொட்டுப் பார்த்து உன்னைப் பற்றிப் பெருமைப்பட்டேன். இல்லையென்று சொல்ல மாட்டேன்.

ஆனால் இந்தத் தண்ணீரை நீ மறந்துவிட்டாய். முகத்துவாரத்தில் ஆழம் கிடையாது. உள்ளே நுழையும்போதும் வெளியே போகும்போதும் ஷாஃப்ட் நுனியில் இருக்கிற இறக்கை மணலைக் கலக்கிக்கொண்டுதான் சுற்றும். தண்ணீர் புகாமல் தடுக்கிற சீல் எந்தக் கம்பெனியுடையது ஆனாலும் மூன்று நான்கு மாதத்தில் மணல் உள்ளே போய்விடும், பேரிங் உறுமும், பிறகு பிடித்துக்கொள்ளும். அதனால்தான் இங்கே ஒவ்வொரு படகிலும் ஒரு ஸ்பேர் பேரிங் பாலிதீன் பையில் சுற்றி வைத்திருப்பார்கள். பழைய யூனிட்டில் ஷாஃப்டைத் தூக்கிப் படகின்மேல் வைத்து, நட்டைத் தளர்த்தி, கையாலேயே பேரிங்கை இழுத்து எடுத்துவிட்டு, புதிதைத் தள்ளிவிட்டு வந்துவிடுவார்கள். ஒரு பீடி பிடித்து முடிக்கிற நேரம். இந்த வேலையை நீ பத்து வயதிலிருந்து பார்த்திருக்கிறாய்.

அன்றைக்குக் காலையில் ஏழுமலையும் அவன் பங்காளிகள் இரண்டு பேரும் வலை எடுத்துத் திரும்பிக்கொண்டிருந்தார்கள். முகத்துவாரத்துக்கு வெளியே பேரிங் பிடித்துக்கொண்டது. வாடைக்காற்று. படகு மெல்ல மெல்ல அலை உடைகிற பக்கமாக ஒதுங்கிக்கொண்டிருந்தது. நங்கூரம் போட்டார்கள், மணலில் பிடிக்காமல் அரித்துக்கொண்டே வந்தது. அவன் வழக்கம்போல ஷாஃப்டைத் தூக்கி வைத்தான். நட்டைக் கழற்றினான். பேரிங் அசையவில்லை. நீ அதை ஷாஃப்டோடு இறுக்கிப் போட்டிருக்கிறாய். ஷாஃப்ட், பேரிங்கின் துளையைவிடத் தலைமுடியின் தடிமனில் மூன்றில் ஒரு பங்கு பெரிது. உங்கள் தொழிற்சாலையில் பேரிங்கைச் சூடாக்கிச் சட்டென்று உட்காரவைத்துவிடுவீர்கள். கழற்ற அங்கே அழுத்தித் தள்ளுகிற பிரஸ் இருக்கிறது. படகில் இருந்தது ஒரு சுத்தியல், ஒரு உளி. பின்னாலிருந்து கால் போட்டு இழுக்கிற புல்லர் இருந்திருந்தாலும் பயனில்லை. பேரிங்கை, ஷாஃப்ட் தடிக்கிற இடத்தில், அதன் தோளோடு ஒட்டி உட்காரவைத்திருக்கிறாய். பின்னால் புல்லரின் கால் நுழைய ஒரு நூல் இடம்கூட விடவில்லை.

அவன் உளியை வைத்து அடித்தான். பேரிங் வளையம் எவ்வளவு கெட்டியான இரும்பு என்று உனக்குத் தெரியும். கெட்டியானது வளையாது, தெறிக்கும். நான்காவது அடியோ ஐந்தாவது அடியோ, ஒரு சில்லு பறந்து வந்து அவன் இடது கண்ணுக்குள் போனது. கூட இருந்தவர்கள் முதலில் தண்ணீர் பட்டுவிட்டது என்று நினைத்திருக்கிறார்கள். அவன் கண்ணைப் பொத்திக்கொண்டு, "டேய், எனக்கு ஒண்ணும் இல்ல, படகப் பாருங்கடா, படகப் பாருங்க" என்று கத்தியிருக்கிறான். பின்னால் வந்த படகு ஒன்று கயிறு போட்டு இழுத்து வந்தது. கரையில் இறக்கியபோது அவன் சட்டையின் முன்பக்கம் முழுக்க ரத்தம்.

சென்னையில் கண் ஆஸ்பத்திரிக்கு நானும் உங்கம்மாவும் கூட்டிப்போனோம். டாக்டர் வெளியே வந்து, பார்வை திரும்பாது, மற்றக் கண்ணைக் காப்பாற்ற வேண்டுமானால் இதை எடுத்துவிட வேண்டும் என்றார். உள்ளே போனால், கட்டுப் போட்ட முகத்தோடு படுத்திருந்தவன் முதலில் கேட்டது இதைத்தான்: "மச்சான், பையனுக்குச் சொல்லிட்டியா? சொல்லாத. கல்யாணம் வச்சிருக்கற நேரம். அவன் படம் போட்ட மெஷினுன்னு மனசு ஒடைஞ்சிடுவான்."

நீ உடைந்துபோகவில்லை. நீ வந்தாய். கம்பெனிக்குச் செய்தி போய், அங்கிருந்து இன்னொருவரோடு காரில் வந்தாய், யூனிட்டைப் படம் எடுத்தாய், மாமனின் தோளைத் தொட்டுவிட்டு, "பாத்துக்கங்க மாமா" என்று சொல்லிவிட்டுப் போனாய். மூன்று வாரம் கழித்து அவனுக்குத் தபால் வந்தது. இங்கிலீஷில். அவன் அதை எடுத்துக்கொண்டு ஷெட்டுக்கு வந்தான். நான் மெஷின் புத்தகம் படிக்கிற அளவுக்குத்தான் இங்கிலீஷ் படிப்பேன், மெதுவாகப் படிப்பேன். ஆனால் படித்துவிட்டேன். யூனிட்டில் குறை இல்லை என்று எழுதியிருந்தது. தகுதியற்ற நபர், தவறான கருவியைக் கொண்டு, அனுமதியில்லாமல் பழுது பார்த்ததால் நேர்ந்த விபத்து என்று எழுதியிருந்தது. பின்னால் இணைத்திருந்த அறிக்கையின் அடியில், தயாரித்தவர் என்ற இடத்தில் உன் பெயர்.

தகுதியற்ற நபர். எந்த வயதில் இன்ஜினைத் தொட்டான் என்று அவனுக்கே நினைவில்லாதவன். நீ மறந்த வாஷரைக் கண்டுபிடித்தவன். அனுமதியில்லாமல். நடுக்கடலில் படகு அலைக்குள் போய்க்கொண்டிருக்கும்போது அவன் யாரிடம் அனுமதி கேட்க வேண்டும், முரளி? உங்கள் சர்வீஸ் சென்டர் ஆள் நீந்தி வருவானா?

"இன்னா மச்சான் போட்டுக்கீது?" என்று கேட்டான். "ஒண்ணும் இல்ல, விசாரிச்சிட்டு இருக்காங்களாம்" என்றேன். பொய் சொன்னேன். காகிதத்தை மடித்து என் பையில் போட்டுக்கொண்டேன். அவன் என் கைகளையே பார்த்துக்கொண்டிருந்தான். என்னால் அவன் முகத்தைப் பார்க்க முடியவில்லை. உனக்காக நான் சொன்ன பொய் அது. அதற்காகவும் உன்மேல் எனக்குக் கோபம்.

அன்றைக்கே உனக்குப் போன் செய்தேன். நீ சொன்னது எனக்கு வார்த்தை மாறாமல் நினைவிருக்கிறது. "நைனா, நான் டெக்னிக்கலா உள்ளதத்தான் எழுதினேன். ஷாஃப்ட் சுத்துது. லூசா போட்டா உள்வளையம் நழுவி ஷாஃப்ட அரிச்சிடும். ரூல் படி டைட்டாதான் போடணும்." சரி. நீ சொன்னது தப்பில்லை. லூசாகப் போட்ட பேரிங் ஷாஃப்டை அரித்துத் தின்றதை நானும் நூறு முறை பார்த்திருக்கிறேன். ஆனால் உன் ரூல் மெஷின் பிறக்கிற நாளைப் பற்றிப் பேசுகிறது. மெஷின் கெட்டுப்போகிற நாளைப் பற்றி அதில் எங்கே எழுதியிருக்கிறது? நீ கணக்குப் போட்ட அந்த டைட், முதல் பேரிங் இருக்கும் வரைக்கும்தான். அதை உளி வைத்துப் பெயர்த்தெடுத்த அன்றே ஷாஃப்டில் கோடு விழுந்துவிடும். மூன்றாவது பேரிங் போடும்போது உன் டைட்டும் இல்லை, பழைய லூசும் இல்லை, இரண்டும் கெட்ட ஒன்று. மற்ற ஐந்து யூனிட்டையும் பிரித்து மைக்ரோமீட்டர் வைத்து நான் அளந்துவிட்டேன். ஒரு ஷாஃப்ட்கூட உன் படத்தில் இருக்கிற அளவில் இல்லை. தொழிற்சாலை வாசலைத் தாண்டாத அளவுக்காக ஒரு மனிதனின் கண் போயிருக்கிறது.

இப்போது என் தப்பைச் சொல்கிறேன். அதைச் சொல்லாமல் உன்னைத் திட்டினால் எனக்கே வாய் கூசும். நீ அந்தப் படத்தை வரைந்துகொண்டிருந்த நாட்களில் ஒரு மதியம் எனக்குப் போன் செய்தாய். ஷெட்டில் நான்கைந்து பேர் இருந்தார்கள். ஸ்பீக்கரில் போட்டேன், பையன் பேசுகிறான் என்று எல்லாரும் கேட்கட்டும் என்று. "நைனா, அடி பேரிங்க நல்லா டைட்டா போட்டுட்டா உன்னால கழட்ட முடியுமா?" என்று கேட்டாய். "இன்னாடா கேள்வி இது? எவ்ளோ டைட்டா போட்டாலும் கழட்டிப்புடுவேன்" என்றேன். ஷெட்டே சிரித்தது. நீயும் சிரித்தாய். அடுத்த முறை ஊருக்கு வந்தபோது, "ஃபீல்டு மெக்கானிக்கக் கேட்டாச்சுன்னு உன்ன ஃபைல்ல போட்டுட்டேன் நைனா" என்றாய். நான் பல்லைக் காட்டிக்கொண்டு நின்றேன். என் ஷெட்டில் புல்லர் இருக்கிறது, வைஸ் இருக்கிறது, கேஸ் நெருப்பு இருக்கிறது, கால் ஊன்றத் தரை இருக்கிறது. கடலில் கழற்றப் போகிறவன் நானில்லை, அதை நீ ஏன் என்னைக் கேட்கிறாய், மாமனைக் கேள் என்று நான் சொல்லியிருக்க வேண்டும். நாலு பேர் முன்னால் கெத்துக் காட்ட வாய் வந்ததே தவிர, அந்த ஒரு வார்த்தை வரவில்லை. அவன் கண் போன நாளிலிருந்து எனக்குத் தூக்கம் இல்லாமல் போனது இந்த ஒரு பதிலால்தான்.

இன்னொன்றும் இருக்கிறது. உங்கம்மாவுக்குக்கூடத் தெரியாது. நீ சின்னப் பிள்ளையாக இருந்தபோது, சுண்ணாம்புக்குளத்திலிருந்து ஒருவர் தன் படகு ஷாஃப்டைச் சுற்றிப் போடுகிற புஷ்ஷை மாற்றித் தரச் சொல்லி வந்தார். நான் ஷாஃப்டை அளக்கவில்லை. மனக்கணக்காக ஒரு அளவு சொல்லிப் பொன்னேரி லேத்தில் கடைந்து வாங்கி வந்தேன். லூசாக இருந்தது. திரும்ப லேத்துக்குப் போக சோம்பேறித்தனம். ஒரு தகரத்தை வெட்டிச் சுற்றி உள்ளே திணித்து அனுப்பிவிட்டேன். பத்து நாளில் தகரம் கிழிந்து, ஷாஃப்ட் ஆடி, அதைத் தாங்குகிற இரும்புக் கூடே வெடித்துவிட்டது. அந்த மனிதர், சம்சாரத்தையும் கைக்குழந்தையையும் ஏற்றிக்கொண்டு வந்த படகோடு ஒரு பகல் முழுக்க ஏரி நடுவில் வெயிலில் கிடந்திருக்கிறார். மறுநாள் உடைந்த கூட்டைத் தூக்கிக்கொண்டு வந்தார். தகரத்துண்டு எனக்கு நன்றாகத் தெரிந்தது. ஷெட்டில் ஆட்கள் இருந்தார்கள். நான் சொன்னேன்: "மணல்ல வுட்டு ஓட்டினா இப்டிதான் ஆவும். ஓட்டத் தெரியாதவங்கிட்ட மெஷினக் குடுத்தா நான் இன்னா பண்றது?" அவர் என்னைப் பார்த்தார், கூட்டைப் பார்த்தார், போய்விட்டார். பிறகு திருப்பாலைவனம் பஸ் ஸ்டாப்பில் இரண்டு மூன்று முறை எதிரில் பார்த்தேன். அவர் முகத்தைத் திருப்பிக்கொண்டார். பிறகு அவர் இறந்துவிட்டதாகக் கேள்விப்பட்டேன். நான் கடைசிவரைக்கும் போய்ச் சொல்லவில்லை.

அதனால்தான் உன் அறிக்கையில் தகுதியற்ற நபர் என்ற வரியைப் படித்ததும் எனக்கு அடையாளம் தெரிந்தது. நான் வாயால் சொன்னதை நீ இங்கிலீஷில் டைப் அடித்திருக்கிறாய், அவ்வளவுதான் வித்தியாசம். அந்த வார்த்தை எங்கிருந்து வருகிறது என்று எனக்குத் தெரியும். தன் வேலை தப்பு என்று தெரிந்த பிறகுதான் அது வரும். உனக்குத் தெரியும், முரளி. தெரியாதவன் என்றால் நான் இவ்வளவு கோபப்பட மாட்டேன்.

என்ன செய்ய வேண்டும் என்று நீ கேட்பாய். நானும் யோசித்தேன். போன மாதம் காட்டூரில் ஒரு நெல் மில்லுக்கு மோட்டார் பார்க்கப் போயிருந்தேன். அங்கே நீளமான ஷாஃப்டில் வரிசையாக பேரிங்குகள். மில்காரரைக் கேட்டேன், இதை எப்படிக் கழற்றுவீர்கள் என்று. அவர் என்னை ஒரு மாதிரி பார்த்துவிட்டு, ஸ்பேனரை எடுத்து நட்டைத் தளர்த்தினார், ஒரு தட்டுத் தட்டினார், பேரிங் கழன்று கையில் வந்தது. பேரிங்குக்கும் ஷாஃப்டுக்கும் நடுவில் சாய்வாகக் கடைந்த, உறை மாதிரி ஒரு ஸ்லீவ், கீறல் விட்டு வைத்திருக்கிறார்கள். நட்டை முறுக்கினால் இறுகும், தளர்த்தினால் விடும். ஓடும்போது உன் டைட், கழற்றும்போது என் லூசு, இரண்டும் அதில் இருக்கிறது. தேய்ந்தாலும் ஸ்லீவ்தான் தேயும், ஷாஃப்ட் தேயாது. இது உனக்குத் தெரியாததா? உன் படிப்பில் முதல் வருடத்திலேயே வந்திருக்கும். விலை கூடும் என்று யாரோ சொல்லியிருப்பார்கள், நீ தலையாட்டியிருப்பாய். கடல் தண்ணீரில் துருப்பிடிக்கும் என்றால் அதற்கு ஏற்ற உலோகம் தேடு. ஸ்லீவ் முடியாது என்றால், குறைந்தபட்சம் தோளுக்கும் பேரிங்குக்கும் நடுவில் புல்லர் கால் நுழைய இரண்டு பள்ளமாவது வெட்டு. அந்த இரண்டு பள்ளம் இருந்திருந்தால் அவன் உளியை எடுத்தே இருக்க மாட்டான்.

நான் காத்திருக்கவில்லை. ஐந்து யூனிட்டின் ஷாஃப்டையும் பொன்னேரிக்கு எடுத்துப் போய்ப் பள்ளம் வெட்டி, பேரிங் உட்காருகிற இடத்தைக் கையால் தள்ளினால் போகிற அளவுக்குத் தேய்த்து, நழுவாமலிருக்க வெளியே ஒரு லாக் நட் போட்டுவிட்டேன். உங்கள் கம்பெனி ஆள் வந்து பார்த்துவிட்டு, "இனிமே வாரண்டி கிடையாதுங்க" என்றான். படகுக்காரர்கள் அவனைப் பார்த்துச் சிரித்தார்கள். அளந்தவற்றையெல்லாம் இந்தக் கடிதத்தோடு வைத்திருக்கிறேன், எந்த ஷாஃப்ட், எத்தனை பேரிங் மாற்றியது, எவ்வளவு தேய்ந்தது என்று. இந்த முறை ஃபைலில் போடுவதானால் இதைப் போடு. என் வாய்ச்சவடாலை எடுத்துவிடு.

உன்னிடம் நான் கேட்பது மூன்று வேலை. அந்த அறிக்கையைத் திரும்ப எழுது. கழற்ற இடம் விடாத டிசைன் என்று, உன் பெயர் போட்டு எழுது. கம்பெனி ஒத்துக்கொள்ளவில்லை என்றால், நான் சொன்னேன், அவர்கள் கேட்கவில்லை என்பதையாவது எழுத்தில் வை. வேலை போகும் என்று பயந்தால், பயந்துகொண்டே எழுது. இரண்டாவது, அந்தப் படத்தை மாற்று. இங்கே ஆறு யூனிட்தான். ஆந்திரா பக்கம், தெற்கே எல்லாம் எத்தனை படகில் இது ஓடுகிறது என்று உனக்குத்தான் தெரியும். அங்கேயும் யாரோ ஒருவன் உளியைத் தேடிக்கொண்டிருப்பான்.

மூன்றாவது, ஞாயிற்றுக்கிழமை ஊருக்கு வா. பத்திரிகை வைக்கிற சாக்கில் வராதே. மாமன் கறுப்புக் கண்ணாடி போட மாட்டான், போடவும் நான் விட மாட்டேன். நீ வரவில்லை என்றாலும் கல்யாணத்துக்கு நான் வருவேன், உங்கம்மாவுக்காக வருவேன், பந்தியில் உட்கார்ந்து சாப்பிட்டுவிட்டுப் போவேன். மேடை ஏற மாட்டேன். பெண் வீட்டார் கேட்டால் காரணத்தை நீயே சொல்லிக்கொள்.

அந்தக் காகிதத்தில் என்ன எழுதியிருக்கிறது என்று ஏழுமலை போன வாரமும் கேட்டான். இன்னும் அவனுக்குத் தெரியாது. எழுதியது நீ என்றும் தெரியாது. நான் இன்னொரு பொய் சொல்ல மாட்டேன், உண்மையைச் சொல்லவும் மாட்டேன். அது உன் வேலை. அவன் சாயங்காலம் இறங்குதுறையில் வலை பிரித்துக்கொண்டிருப்பான். காரைத் தூரத்திலேயே நிறுத்திவிட்டு நடந்து போ. இடது பக்கம் வந்து நின்றால் அவனுக்குத் தெரியாது. வலது பக்கமாகப் போய், அவனுக்கு எதிரில் கீழே உட்கார்ந்து சொல்லு. சொல்லும்போது உன் முகம் அவனுக்குத் தெரிய வேண்டும்.

உன் நைனா